வெள்ளையடிக்காத கூரை

பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு மூன்று வருடம் ஜெராக்ஸ் கடையில் நின்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை, அடுத்தவர்களுடைய மொட்டைமாடியில் ஏறி நின்று அதன் சூட்டை அளப்பது. கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்று அலுவலகம் திறந்திருந்தது. கட்டடங்களின் கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுப்பார்கள். உள்ளே சூடு குறைந்தால் ஃபேனும் ஏசியும் ஓடுவது குறையும், மின்சாரம் மிச்சமாகும், அந்த மின்சாரத்துக்காக நெய்வேலிப் பக்கம் எரிகிற கரியும் அதன் புகையும் குறையும் என்பது கணக்கு. அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்களை எடுத்துத் தருவதுதான் என் வேலை.

அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் சென்னையிலிருந்து வந்து இங்கேயே வாடகைக்கு வீடெடுத்துத் தங்கியிருந்தார். எல்லோருக்கும் அவர் சார். நல்ல மனிதர். தன் அறையில் ஏசி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கையால் விசிறிக்கொண்டே கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவார்.

நான் வேலையில் சேர்ந்த செய்தியைச் சொன்னதும் அக்கா சிரித்தாள்.

"இம்மாம் படிச்சி, கடைசியில மாடி மேல வெள்ளையடிக்கிற வேலையாடி ஒனக்கு?"

"அடிக்கிறது நான் இல்லக்கா. அளக்கிறதுதான் நான்."

"அப்ப அடிக்கிறதுக்கு என்னைக் கூப்புடு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் நிஜமாகவே சாரிடம் கேட்டு அவளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா போனபோது அவளுக்குப் பதினாலு. அப்பா கரும்பு வெட்டப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போனாள். அவள் தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிய கலவையில்தான் நான் படித்தேன். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் மாமாவைக் கட்டிக்கொண்டு கருணாபுரத்தில் குடியிருந்தாள். ஹாலோ பிளாக் சுவர், மேலே ஆஸ்பெட்டாஸ் ஷீட், இரண்டு அறை. எட்டு வயதில் ஒரே பெண். அந்தப் பெண்ணை நாங்கள் எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுவோம்.

பதினாறு வருடம் கட்டட வேலையில் கல்லும் மண்ணும் சுமந்தவளுக்கு, கையில் பிரஷ்ஷைக் கொடுத்தது இந்த வேலைதான். பெயிண்ட் ஆண்கள்தான் அடிப்பார்கள் என்றிருந்த இடத்தில் இவள் உட்கார்ந்து, விளிம்பு பிசகாமல், ஒரு திட்டு விடாமல் அடிப்பாள். சாயங்காலம் முழங்கையிலும் காது மடலிலும் வெள்ளைப் புள்ளிகளோடு கடைத்தெரு வழியாக நடந்துபோவாள். துடைத்துக்கொள்ளேன் என்றால், "இருக்கட்டுண்டி, பாக்கறவங்க பாக்கட்டும்" என்பாள்.

அந்த மாசியில் வெள்ளிமலையில் ஒரு வேலை வந்தது. மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றின் கான்கிரீட் தளத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு வளைவாக ஏறுகிற பஸ்ஸில் அக்காவுக்கு இரண்டு முறை வாந்தி. ஆனால் மேலே இறங்கியதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இன்னாடி இது, யாரோ தண்ணி தெளிச்ச மாதிரி இருக்குது" என்றாள். நான்கு நாள் தங்கினோம். வழக்கமாக விடியுமுன் குழாயடிக்கு எழுந்து ஓடுகிறவள், முதல் நாள் காலை பலாமரத்தில் வெயில் ஏறி நிற்கும்வரை தூங்கினாள். வேலையாட்கள் வந்துவிட்டார்கள் என்று நான்தான் தட்டி எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் முழித்தாள்.

"எவ்ளோ வருசமாச்சிடி இப்பிடித் தூங்கி. அங்க விடியிற வரைக்கும் அந்த ஷீட்டு அனலைக் கக்கிக்கினே இருக்கும். பாப்பாவுக்கு வேர்த்து ஊத்தும். நான் அட்டையை வச்சி விசிறிக்கினே ஒக்காந்துக்கினு இருப்பன்."

எனக்கு அது புதிய செய்தி. நான் ஊருக்குள் வேறொரு தோழியோடு அறையெடுத்துத் தங்கியிருந்தேன். அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போவேன், சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அந்த வீட்டில் நான் ஒரு கோடைகாலத்தைக் கழித்ததில்லை.

விடுதியில் சமைக்கும் அம்மாவின் வீடு பக்கத்திலேயே. மண்சுவர், புல் வேய்ந்த கூரை. என் கருவியை வைத்துப் பார்த்தால், பகல் உச்சியில்கூட உள்ளே வெளியைவிடக் கம்மியான சூடு. நான் ஆச்சரியப்பட்டுச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"குளுருதுன்னு நீ சொல்லிட்டுப் போயிடுவ. மூணு வருசத்துக்கு ஒருவாட்டி புல்லு அறுத்துக்கினு வந்து கூரை மேய்றவளுக்குத்தான் தெரியும். மழைக்கு ஒழுவுது, பாம்பு வருது. எங்களுக்கு எப்பம்மா தளம் போட்டுக் குடுப்பாங்க? அதைக் கேட்டுச் சொல்லு."

அக்கா அந்த அம்மாவோடு சேர்ந்து சிரித்தாள். "தளம் போட்டாலும் மறக்காம வெள்ளையடிச்சிடுங்க. நானே வந்து அடிச்சித் தரன்" என்றாள்.

பங்குனியில் கள்ளக்குறிச்சிக்குள் வீடு வீடாகப் போய் விண்ணப்பம் எழுதும் வேலை தொடங்கியது. கருணாபுரம் என் பங்குக்கு வந்தது. அக்கா வீட்டுக்கும் போனேன். மதியம் இரண்டு மணி. துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியை ஷீட்டின் அடிப்பக்கம் நீட்டி அழுத்தினேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, காய்ச்சலா அதுக்கு?"

ஐம்பத்தாறு காட்டியது. இரண்டாவது முறை, மூன்றாவது முறை. அதே ஐம்பத்தாறு. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அது ஷீட்டுக்குக் கீழே தேங்கிய அனலை அள்ளி எங்கள் தலைமேல் போட்டுக்கொண்டிருந்தது. படிவத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். கூரை: ஷீட். ஏசி: இல்லை. ஃபிரிட்ஜ்: இல்லை. ஃபேன்: ஒன்று. விளக்கு: இரண்டு. மின்கணக்கு அட்டையைக் கேட்டேன். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். இலவச அளவைத் தாண்டாத வீடு. கட்ட வேண்டியது ஒன்றுமில்லை என்றே ஒவ்வொரு முறையும் எழுதியிருந்தது.

சித்திரை பிறந்து, வெள்ளையடிக்கத் தேர்வான கட்டடங்களின் பட்டியல் வந்தது. கருணாபுரத்தில் ஷீட் வீடு ஒன்றுகூட அதில் இல்லை. சாரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிக் கணக்கைத் திறந்து காட்டினார்.

"இங்க பாரும்மா. இந்தக் கல்யாண மண்டபம். எத்தனை ஏசி, எவ்வளவு நேரம் ஓடுது. வெள்ளையடிச்சா இவ்வளவு மிச்சம். இந்த லாட்ஜ், இந்த நகைக்கடை, எல்லாத்துலயும் மிச்சம் இருக்கு. நீ எழுதிக் குடுத்த ஷீட் வீடுகளைப் பாரு. இப்ப செலவாகிறதே ஒண்ணும் இல்ல. அடிச்ச பிறகும் அந்த ஒரு ஃபேன் ஓடத்தான் போகுது. மின்சாரச் சேமிப்பு பூஜ்யம். பணம் குடுக்கிறவங்க எத்தனை கரி குறைஞ்சுதுன்னுதான் கேக்குறாங்க. நான் என்ன எழுதறது?"

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஐம்பத்தாறு என்ற அந்த எண் எங்கே போயிற்று என்று கேட்க நினைத்தேன். படிவத்தில் அதை எழுதியிருந்தேன், கணக்கில் அது எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. கேட்கவில்லை. அக்கா வீட்டுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்றிருந்தது. வேலைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத பயமும் இருந்தது.

அக்காவிடம் சொன்னபோது அவள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சரிதான? எரிக்கிறவன்தான நிறுத்த முடியும். நாம எரிக்கவே இல்லியே, எதைடி நிறுத்தறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு டப்பாக்களைப் பார்த்தபடி, "அடியில ஒட்டிக்கினு கெடக்கறத வழிச்சிக் குடுத்தாக்கூடப் பாதி ஷீட்டுக்கு வரும்" என்றாள்.

நான் அவசரமாகச் சொன்னேன். "வேணாங்கா. தங்கச்சி வேலை செய்ற எடத்துலேர்ந்து அக்கா தூக்கிக்கினு போறான்னு பேசுவாங்க. அடுத்த லிஸ்டுல எப்பிடியாச்சும் சேத்துடறன்."

"சரி, வுடு."

அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சுண்ணாம்பு வாங்கிக் கொஞ்சம் பசை கலந்து நாமே அடித்துவிடலாம், பெயிண்ட் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு கோடைக்குத் தாங்கும் என்று சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று பேசினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் வேலை வந்தது. ஞாயிறு வேலைக்குக் கூலி ஜாஸ்தி, அவள் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு என் தோழியின் தம்பிக்குக் காதுகுத்து, நான் போய்விட்டேன். அதற்கடுத்த ஞாயிறு இருவருக்குமே வேலை இல்லை. படுத்துத் தூங்கினோம். அவள் அவள் வீட்டில், நான் என் அறையில்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஆறாம் நாள், கல்யாண மண்டபத்து வேலை. எங்கள் பட்டியலிலேயே பெரிய கூரை அது. வைகாசி முகூர்த்தங்கள் வருமுன் முடித்துத் தர வேண்டும். வெயில் காலத்தில் ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் இறங்கிவிடுவது எங்கள் வழக்கம். அன்று இரண்டாவது கோட்டிங் பாதியில் நின்றால் திட்டுத் திட்டாகிவிடும் என்று மேஸ்திரி சொல்ல, வேலை பன்னிரண்டைத் தாண்டி ஓடியது. நானும் கூரையில்தான் இருந்தேன். குடை பிடித்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை தளத்தின் சூட்டை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பூசிய இடம் கண்ணைத் திறந்து பார்க்க முடியாதபடி ஜொலித்தது. பூச்சு தன் வேலையைச் சரியாகச் செய்தது. வானத்துக்குத் திருப்பியனுப்பிய வெயில், வழியில் குனிந்து உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் அடித்துவிட்டுப் போனது.

கீழே போய்ச் சாப்பாட்டுக் கூடத்தின் கூரையை அடிப்பக்கமிருந்து அளந்தேன். நேற்றைவிட நன்றாகக் குறைந்திருந்தது. எனக்கு உற்சாகம். அதைச் சொல்லத்தான் மறுபடி மேலே ஓடினேன். அக்கா தண்ணீர் டேங்கின் ஓரத்தில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"தல கிர்ருனு வருதுடி."

முகம் சிவந்து கிடந்தது. நெற்றி, கழுத்து எல்லாம் காய்ந்து போயிருந்தன. ஒரு சொட்டு வேர்வை இல்லை. அதை நான் பார்த்தேன். அப்படி இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டு வாந்தி வருகிறது என்றாள்.

"நீ வூட்டுக்குப் போயி கொஞ்ச நேரம் படுக்கா. மிச்சத்த இவங்க பாத்துக்குவாங்க."

"அரை நாளா போட்ருவாங்களா?"

"முழுசா போடச் சொல்றன். நீ போ."

கையைப் பிடித்து இறக்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். ஆட்டோ திரும்பும்போது முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். நான் மேலே ஏறி ஒரு மணிக்கான அளவை எழுதினேன்.

அந்த மண்டபத்தில் கீழே மணமகள் அறை சும்மா கிடந்தது. கட்டில், மெத்தை, ஏசி எல்லாம் இருந்தன. சாவி வாட்ச்மேனிடம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், நல்ல மாதிரியான ஆள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உடம்புக்கு முடியாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டுக்குள் மதியம் என்ன சூடு இருக்கும் என்று ஊரிலேயே எண்ணோடு தெரிந்து வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

நான்கு மணிக்கு அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள்.

"ஒங்க அக்கா எவ்ளோ கூப்ட்டாலும் கண்ணு தொறக்க மாட்டுதுங்க. ஒடம்பு அடுப்பாட்டம் கொதிக்குது. சீக்கிரம் வாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். அக்கா தரையில் பாயில்கூடப் படுக்காமல் வெறும் சிமெண்டில் கிடந்தாள். தரையாவது சில்லென்று இருக்கும் என்று நினைத்திருப்பாள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டேயிருந்தது. பாப்பா லீவுக்கு மணலூர்ப்பேட்டையில் மாமாவின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மாமா மில்லில் இருந்து ஓடி வந்தார். தோளில் தவிட்டுத் தூசி அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். ஈரத்துணி போட்டார்கள், ஐஸ் வைத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு நர்ஸ் என்னிடம், "எங்க படுத்திருந்தாங்க?" என்று கேட்டார்.

"வூட்லதான்."

"எந்த மாதிரி வீடு?"

"ஷீட்டுங்க."

அவர் துணியை எடுத்துப் பிழிந்து மறுபடி நனைத்தார்.

வெயில் தாக்கி மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஒருமுறை கண்ணைத் திறந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். முப்பது வயது. முழங்கையில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. குளிப்பாட்டிய பெண்கள் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் நான் இரண்டு மூட்டை சுண்ணாம்பும் பசையும் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். மூட்டையைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

"பாப்பா இருக்குது மாமா."

அவர் எழுந்து பக்கத்து வீட்டில் ஏணி கேட்டு வாங்கி வந்தார். ஷீட் உடையாமலிருக்கக் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து அடித்தோம். காலை எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. மொத்தமே இரண்டு மணி நேர வேலை. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போய் அளந்தேன். நாற்பத்து நான்கு. பன்னிரண்டு டிகிரி குறைந்திருந்தது. எத்தனையோ கூரைக்குக் கீழே நின்று இப்படி ஓர் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்று கருவியைப் பையில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பாப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேலே பார்த்தாள்.

"இப்ப சூடு கம்மியா இருக்குது சித்தி."

"ஆமாம்."

"அம்மா இருக்கும்போது ஏன் அடிக்கல?"

"நேரம் கெடைக்கல பாப்பா."

அந்த வருடக் கடைசியில் சார் அறிக்கையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வழவழப்பான தாள். எவ்வளவு மின்சாரம் மிச்சம், எவ்வளவு கரி மிச்சம் என்று உள்ளே படம் போட்டிருந்தது. அட்டையில் அக்கா. மண்டபக் கூரையில் உட்கார்ந்து பிரஷ்ஷோடு நிமிர்ந்து பார்க்கிறாள், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. சாவுக்கு வந்திருந்தவர்தான் சார். அச்சுக்குக் கொடுத்தவர் வேறு யாரோ. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் கவனிக்கலம்மா. அட்டையை மாத்திடச் சொல்றேன்."

"படம் இருக்கட்டும் சார். ஃபாரத்தை மாத்துங்க."

குரல் என்னை மீறிக் கொஞ்சம் ஓங்கிவிட்டது. நான்கு மாத வேலைக்காரியாக இருந்தபோது கேட்காததையெல்லாம் அன்று கேட்டேன். எரிக்கிற வீட்டில் குறைப்பது சரி, அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எரிக்க எதுவுமே இல்லாத வீட்டுக்குள் மனுஷர் வெந்துகொண்டிருப்பதை எழுத ஒரு கட்டம்கூடவா இல்லை? அவர் மேஜையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பணம் கொடுப்பவர்களுக்கு எழுதினார். பல முறை எழுத வேண்டியிருந்தது. அடுத்த கோடைக்கு வந்த படிவத்தில் கடைசிக் கேள்வியாக ஒரு வரி சேர்ந்திருந்தது: மதியம் இரண்டு மணிக்கு இந்தக் கூரைக்குக் கீழே யார் இருப்பார்கள்? கருணாபுரத்தில் சில ஷீட் வீடுகளுக்கு அந்த வருடம் வெள்ளையடித்தோம். எல்லா வீட்டுக்கும் இல்லை.

அதற்குள் மாமா பாப்பாவைக் கூட்டிக்கொண்டு மணலூர்ப்பேட்டைக்கே போய்விட்டார். அங்கே நெல்லும் கரும்பும் இருக்கிறவரை கூலிவேலைக்குக் குறைவில்லை. மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறினேன். வேலை அதேதான். இப்போது பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் பார்க்கிறேன். என் ஆட்கள் பத்து மணிக்கு மேல் கூரையில் நிற்கக் கூடாது. யாராவது தலை சுற்றுகிறது என்றால் நான் அவர்களை வீட்டுக்கு அனுப்புவதில்லை. நிழலான இடமாகப் பார்த்துப் படுக்கவைத்து, தண்ணீர் தெளித்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். இதற்காக என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்கிறவர்களும் உண்டு.

பாப்பா ஒவ்வொரு கோடை லீவுக்கும் என் வீட்டுக்கு வருவாள். போன வருடம் பிளஸ் ஒன் முடித்துவிட்டு வந்திருந்தாள். அக்காவின் உயரம், அக்காவின் கை. மதியம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"சித்தி, அன்னிக்கி அம்மா வேலையிலேர்ந்து ஏன் சீக்கிரமா வூட்டுக்கு வந்துச்சி?"

எத்தனையோ முறை இதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"நான்தான் அனுப்பனன். தல சுத்துதுன்னா. போயி படுன்னன்."

அவள் கை நின்றது.

"அந்த வூட்டுக்கா?"

"ஆமாம்."

"அது எவ்ளோ சூடுன்னு நீதான அளந்த? ஒருவாட்டி அம்மா அந்த ஷீட்டுக்குக் காய்ச்சலான்னு கேட்டுதுன்னு நீயே சொல்லியிருக்க."

"ஆமாம் பாப்பா."

"தெரிஞ்சே அனுப்பனியா?"

"அந்த நேரத்துல தோணல."

இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். வயசு, அனுபவம், யாருக்குத்தான் தெரியும் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அவள் தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டு வாரம் இருக்கிறேன் என்று வந்தவள் மூன்றாம் நாளே போய்விட்டாள்.

சாயங்காலம் மாமா போன் செய்தார்.

"ஏம்மா அவகிட்ட சொன்ன? நான் சொல்லாமலே வச்சிருந்தன்."

"ஒங்களுக்குத் தெரியுமா மாமா?"

"அன்னிக்கே தெரியும். கூட வேலை செஞ்ச பொம்பளைங்க ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க."

தெரிந்துகொண்டுதான் பக்கத்து வீட்டில் ஏணி கேட்டார். தெரிந்துகொண்டுதான் அந்தப் பலகையில் என் பக்கத்தில் படுத்துச் சுண்ணாம்பு அடித்தார். இத்தனை வருடம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்து, வந்துட்டுப் போம்மா என்று கூப்பிட்டார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் அந்தப் பக்கம் வைக்காமல் இருந்தார். கடைசியில், "சரி, வேளைக்குச் சாப்புடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

ஆனி போய் ஆடி வந்தது. பாப்பாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நானும் கூப்பிடவில்லை, கூப்பிடும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆடிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. எடுத்ததும் நேராகப் பள்ளிக்கூடக் கதைக்குப் போய்விட்டாள். கணக்கு டீச்சர் மாறிவிட்டார், புது டீச்சர் வேகமாக நடத்துகிறார், கெமிஸ்ட்ரி பரவாயில்லை, ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கிறது. பத்து நிமிடம் பேசியிருப்பாள். ஒருமுறைகூடச் சித்தி என்று சொல்லவில்லை. நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைக்கிற நேரத்தில் கொஞ்சம் தயங்கினாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டன் பாப்பா" என்றேன்.